விழுங்கு

"கொஞ்சம் தண்ணீர் குடியுங்கள்.
இப்போது விழுங்குங்கள்."
என் அப்பா என் அம்மாவிடம்
முதன்முதலில் பேசியது இவ்வளவுதான்.
லதாலி பள்ளிக்கூடம், வெளியே இடுப்பளவு பனி,
வரிசையில் பதினேழாவதாக நின்றிருந்தாள்.
அவள் தொண்டையில் அவர் இரண்டு விரல்.
விழுங்கினாள்.
வாத்து முட்டை அளவு கட்டி
ஏறி இறங்கியது.

பதிவேட்டில் இருக்கிறது:
மக்வாலா, வயது 24, இரண்டாம் நிலை.
பக்கத்தில் பென்சிலால் வேறேதோ எழுதி
அழித்திருக்கிறார்.
விளக்கில் பிடித்துப் பார்த்தோம் நானும் தம்பியும்.
தாள்தான் தேய்ந்திருந்தது.
அம்மாவைக் கேட்டால் அடுப்பைப் பார்க்கப் போய்விடுவாள்.

குத்தாயிசியில் படித்த மருத்துவர் எலிஸ்பாருக்கு
அறுத்துத் தைக்கும் கை வாய்த்திருந்ததாம்.
அதை விட்டுவிட்டு
வராத நோய்க்குக் காவல் நிற்க
மலையேறி வந்தார்.
திருடன் வராத ஊரில்
காவல்காரனுக்கு யார் விருந்து வைப்பார்கள்?

உப்பு லாரியில் வரும், பெயர் அச்சிடாத சாக்குகளில்.
சாக்குக்கு ஒரு சிட்டிகை எடுத்து
ஒரு சொட்டு விடுவார்.
ஊதாவானால் அயோடின்.
வெள்ளையாகவே கிடந்தால்
லாரி திரும்பும்வரை
சக்கரத்துக்கு முன்னால் உட்கார்ந்திருப்பார்.
கடைக்காரர் கோச்சா ஒருநாள் அடித்தேவிட்டார்.
மேல்வரிசையில், இடப்பக்கம், பாதிப் பல்.
சிரித்தால் இன்றும் கோச்சா தெரிவார்.

பூண்டும் கொத்தமல்லி விதையும் நீல வெந்தயமும் இடித்து
உப்பில் கலக்கிற பெண்கள்
"உன் மருந்து உப்பு மணத்தைக் கெடுக்கும்" என்றார்கள்.
கல்யாணமான முதல் குளிர்காலத்தில்
அம்மா நாற்பது கிலோ இடித்தாள்,
ஊதா ஆகிற உப்பில்.
வீடு வீடாகக் கொடுத்தாள்.
பனி உருகிய பிறகுதான் உண்மையைச் சொன்னாள்.
பாதி ஊர் அவளோடு பேசவில்லை.
அப்பாவும் ஒரு வாரம் பேசவில்லை:
கேட்காமல் ஊட்டியது தப்பாம்.

இரவில் எங்கள் படுக்கைக்கு வருவார்.
தொண்டையில் இரண்டு விரல், ஒரு கணம்.
அதை முத்தம் என்று நினைத்திருந்தேன்.
முதல் வகுப்பில்
எல்லாப் பிள்ளைக்கும் அதே இரண்டு விரல்.
அன்று நான் சாப்பிடவில்லை.
குராம் என் ரொட்டியையும் சேர்த்துத் தின்றான்.

அம்மா கழுத்துத் துணியை
எங்கள் முன் அவிழ்த்ததே இல்லை.
அறுவைக்கும் ஒப்பவில்லை.
"நீ வரத் தாமதமாகிவிட்டது, வேறென்ன" என்று சிரிப்பாள்.
அந்த ஒரு வேடிக்கைக்கு மட்டும்
அப்பா சிரித்ததில்லை.

உப்பிட்டவரை மறக்கக் கூடாதுதான்.
உப்புக்குள் இட்டவரை?
இப்போது பள்ளியில்
கழுத்துகள் வெறும் கழுத்துகள்.
சங்கிலி போடுகிறார்கள், சளி பிடித்தால் கம்பளி சுற்றுகிறார்கள்.
எது தங்களுக்கு வரவில்லை என்று
ஒரு பிள்ளைக்கும் தெரியாது.
தெரியாமல் இருப்பதுதான் தன் சம்பளம் என்பார் அப்பா.
நான் நம்பியதில்லை;
சாலையில் யாராவது வணங்கமாட்டார்களா என்று
அவர் கண் போவதைப் பார்த்திருக்கிறேன்.

"இந்த உப்பைத் தின், ஆனால் குறைத்துத் தின்"
என்று முப்பது ஆண்டு ஊருக்குச் சொன்னவர்
தன் இறைச்சி ரொட்டியில்
இன்னும் கொஞ்சம் தூவிக்கொள்வார்.
போன மார்ச்சில் வலது கை, வலது கால்,
பாதி நாக்கு.

சாலை மூடியிருந்தது. ஹெலிகாப்டர் நாளைக்கு என்றார்கள்.
அம்மா கரண்டியில் தண்ணீர் எடுத்தாள்.
மற்ற கையின் இரண்டு விரல்
அவர் தொண்டையில்.
"கொஞ்சம்தான்," என்றாள்.
"இப்போது விழுங்கு."
காத்திருந்தோம்.
அசைந்தது.

மீதித் தண்ணீர் தாடையில் வழிய
துண்டு தேடி நான் எழுவதற்குள்
கழுத்துத் துணியை உருவித் துடைத்தாள்.
அம்மாவின் கழுத்தை
நான் முழுதாகப் பார்த்தது
அன்றுதான்.