ஜூலை ஒன்று

கல்லாறு ஸ்டேஷனுக்குப் பின்னால் தகரக் கொட்டகை.
மேசைக்கு ஒரு கால் குட்டை,
அதன் அடியில் ஒரு பிஷ்பிளேட்டை முட்டுக் கொடுத்து
ஆள் எடுத்தோம் அந்த வருஷம்.
பெயர்? ஒச்சப்பன்.
தகப்பன் பெயர்? சொன்னான்.
பிறந்த தேதி?
பின்னால் நின்றவனைத் திரும்பிப் பார்த்தான்,
அவனிடம் கொடுத்து வைத்ததைக் கேட்பவன் போல.

"தாது வருசமுங்க. பஞ்சத்துல."

அடுத்தவன் பெட்டராயன், அவனும் தாது.
மாதப்பன், தாது;
எந்த மாசம் என்று சொல்ல வேண்டியவர்கள்
அந்த வருஷமே போய்விட்டார்கள்.
குஞ்ஞாலி மலபாரிலிருந்து வந்தவன்.
தாது எதுவென்று தெரியாமல்
முன்னால் நின்றவர்கள் சொன்னதையே சொன்னான்.
கட்டம் காலியாக இருந்தால்
மேலாபீஸ் தாளைத் திருப்பி அனுப்பும்.
மை தொட்டேன்.
ஆயிரத்து எண்ணூற்று எழுபத்தாறு, ஜூலை ஒன்று என்று
ஒரே முற்பகலில் பதினொரு பேரைப் பெற்றேன்.

அங்க அடையாளம் மட்டும் ஆளுக்கொன்று.
இடது புருவத்தில் தழும்பு.
வலது கட்டைவிரலில் நகம் இல்லை.
மாதப்பன் மேல் ஒன்றும் அகப்படாமல்
"சிரித்தால் தெரியும் தெற்றுப்பல்" என்றெழுதி
ராட்ரிக்ஸ் துரையிடம் வசவு வாங்கினேன்.

மாசம் ஏழு ரூபாய், இரண்டு வருஷத்துக்கொரு கம்பளி,
தூங்கினால் நாலணா அபராதம்.
எந்தப் பல்லில் எஞ்சின் விக்கும் என்று
பெட்டராயனின் சுத்தியலுக்குத் தெரியும்.
ஒச்சப்பன் சொல்வான்:
"ஓடைச் சத்தம் நின்னா மழை நின்னுதுன்னு நெனைக்காதீங்க,
மேல மண்ணு அதோட வாயை அடைச்சிருக்கு."
அதை எழுத என் பதிவேட்டில் கட்டம் இல்லை.
இரண்டு பேரைக் கல்லாற்றுக் காய்ச்சல் கொண்டுபோனது.
அவர்களுக்கு மட்டும்
தனித்தனித் தேதி கிடைத்தது.

முப்பத்திரண்டு வருஷம் கழித்து
மேலாபீஸ் கடிதம் ஒன்பது வந்தது, ஒரே தபாலில்.
ஐம்பத்தைந்து முடிகிறது, ஜூன் முப்பதோடு நிறுத்துக.
புது இன்ஜினியர் கேட்டார்,
"ஒன்பது பேரும் ஒரே நாளிலா? ஒரே தாயா?"
ஒரே குமாஸ்தா, சார்.
வாய்வரை வந்ததை விழுங்கிவிட்டேன்.

மறுபடி அதே வரிசை, இம்முறை ஹில்குரோவில்.
பெருவிரல் மை, கருணைத் தொகை, லாந்தர் ஒப்படைப்பு.
"இன்னைக்குங்களா எங்களுக்குப் பொறந்த நாளு?"
என்று மாதப்பன் சிரித்தான்.
அடையாளப் பல் இல்லை.
இருப்பதாகச் சான்று எழுதினேன்.
குஞ்ஞாலி மட்டும் விரலை நீட்டவில்லை.
"எனக்கு அம்பதே ஆகலை சார்."
தாளைக் காட்டினேன்.
படிக்கத் தெரியாதவன் வெகுநேரம் அதைப் பார்த்தான்,
அப்புறம் விரலைத் தந்தான்.

நானும் தாதுதான்.
என் தாளையும் நான்தான் எழுதினேன்,
எழுபத்தொன்பது என்று.
இன்னும் மூன்று வருஷம் இந்த நாற்காலி.

ஐப்பசி. நாலு நாளாக விடாத மழை.
ஐந்தாம் நாள் காலை, மேட்டுப்பாளையம் வண்டி
அட்டர்லியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருக்கும் நேரம்,
ஓடை சட்டென்று வாய் மூடியது.
"விட்டுடுச்சு சார்" என்று
புதுப் பையன்கள் சாக்குக் கொங்காணியை உதறினார்கள்.

குமாஸ்தா தொடக்கூடாத டெலிபோன் அது.
கைப்பிடியைப் பிடித்துச்
சுற்றத் தொடங்கினேன்.