கழித்தால் வருவது

அத்-பாஷியில் ஜனவரி.
வெளியே பூஜ்ஜியத்துக்கு இருபத்தாறு கீழே.
தடுப்பூசிக் குப்பிகள் உறைந்துவிடாமலிருக்க
குளிர்பதனப் பெட்டிக்குள் வைக்கிறேன்.
விடியற்காலையில் இந்த அறையிலேயே
அதுதான் இதமான இடம்.

கதவின் உட்புறம் விலைப்பட்டியல், என் கையெழுத்து.
வெறிநோய் ஊசி முந்நூறு சோம்.
ஐந்து நோய்க்கு ஒரே ஊசி ஆயிரத்து இருநூறு.
பூனைக்கு மூன்று நோய், ஆயிரம்.
புழு மாத்திரை பத்துக் கிலோவுக்கு ஒன்று, அறுபது.
கீழே பென்சிலில்:
கடன் சொல்லலாம், பொய் சொல்லக் கூடாது.

சாதிர்குல் வந்தார்.
ஒரு கையில் சங்கிலி, அதன் நுனியில் அக்தோஷ்,
மந்தைக்கு முன்னால் ஓடுகிற வெள்ளை மார்பு.
மறு கையில் மாவுச் சாக்கு,
அதற்குள் மருமகளின் பூனை.
சாக்கு தன்னோடு தானே சண்டை போட்டது.

பட்டியலை மேலிருந்து கீழே வாசித்தார்,
பிறகு கீழிருந்து மேலே,
அப்படி வாசித்தால் குறையும் என்பதுபோல.
"அந்த ஐந்தில் எது இந்தப் பள்ளத்தாக்குக்கு வராது?
அதை எடுத்துவிட்டு விலை சொல்லு, புருல்சா."
குப்பிக்குள் பிரிக்க முடியாது என்றேன்.
"அப்போ வெறிநோய்க்கு மட்டும்."
பூனைக்கு?
"எலி தின்கிறதே. அதுவே மருந்து."
சாக்கு உறுமியது.
பூனைக்கும் வெறிநோய் ஊசி உண்டு, பாதி விலை என்றேன்.
பட்டியலில் அப்படி ஒன்று இல்லை.
பென்சிலில் எழுதியது
வருகிறவர்களுக்கு.

மாத்திரைக்கு எடை வேண்டும்.
என்னிடம் இருப்பது உருளைக்கிழங்குத் தராசு.
நாய் அதில் நிற்காது,
நாயைத் தூக்கிக்கொண்டு மனிதர் ஏறுவார்,
மனிதரைக் கழித்தால் நாய்.
தொண்ணூற்றொன்பது.
என் நோட்டில், போன வசந்தம்: சாதிர்குல், எழுபத்து நான்கு.
ஆக நாய் இருபத்தைந்து.
இரண்டரை மாத்திரை, நூற்றைம்பது சோம்.
அவர் முகம் மலர்ந்தது.
போன தடவை இருநூற்றுப் பத்து.

நான் மாத்திரையை உடைக்கவில்லை.
கழுத்துப் பட்டை அதே பழைய துளையில்.
விலா எலும்பைத் தேடினேன், விரலுக்குச் சிக்கவில்லை.
"மறுபடி ஏறுங்கள், நாய் இல்லாமல்."
"எதுக்கு?"
"தராசுமேல் சந்தேகம்."
ஏறினார்.
அறுபத்து நான்கு.

கோட்டுக்குள் ஆள் எப்போது இவ்வளவு சுருங்கினார்?
வலது விலாவுக்குக் கீழே கை வைத்தபடியே பேசுகிறார்,
பணப்பை இருக்கிறதா என்று பார்ப்பவர்போல.
ஆடு அறுக்கிற நாளில்
கொப்புளம் கண்ட ஈரலை நாய்க்கு எறிவீர்களா?
"வேற யாருக்கு எறியறது?"

நாய் தின்னும். அதன் குடலில் புழு பெருகும்,
நாய்க்கு ஒன்றும் ஆகாது.
அதன் முதுகைத் தடவிய கை
ரொட்டியைப் பிய்க்கும்.
வருஷங்கள் போகும். யாரோ ஒருவர் ஈரலில்
தண்ணீர் நிரம்பிய ஒரு பை.
இதை நான் சொல்லவில்லை.
மாட்டுக்கும் குதிரைக்கும்தான் என் முத்திரை செல்லும்.

சொன்னது இவ்வளவே:
நாரின் ஆஸ்பத்திரியில் வயிற்று ஸ்கேன், எழுநூறு சோம்.
"நாய்க்கா?"
"இல்லை."
அடுப்பில் நிலக்கரி சரிந்தது.

மூன்றரை மாத்திரை.
ஆட்டுக் கொழுப்பில் பொதிந்து நீட்டினேன்,
அக்தோஷ் மெல்லாமல் விழுங்கியது.
இரண்டு நாள் கட்டிவையுங்கள்,
கழிவதைப் புதையுங்கள்,
கையைச் சோப்புப் போட்டு.
ஆறு வாரத்தில் மறுபடி.
தலையாட்டினார். நோட்டுகளை எண்ணினார்.
நாய்க்கு ஐந்நூற்றுப் பத்து, முழுசாக.
பூனையின் நூற்றைம்பது கடன்.
மற்றது, ஆடுகள் குட்டி போட்ட பிறகு பார்க்கலாம் என்றார்.

நோட்டில் எழுபத்து நான்கை அடித்தேன்.
நாயின் கட்டத்தில் திருத்த எதுவும் இல்லை.

ஜன்னலில் சாலை.
இந்தப் பக்கம் நிற்கும் வேன் அவர் ஊருக்கு,
எதிர்ப்பக்கம் நாரினுக்கு.
இரண்டு வேன் போய்விட்டது, ஆளுக்கொரு திசை.
அவர் இன்னும் நின்றுகொண்டிருந்தார்.
நாய் பனியில் உட்கார்ந்துவிட்டது.