மறுகா

குருமண்வெளித் துறையில் பாதை ஏறினால்
மண்டூர்க் கரை ஒரு சிறுகதைத் தூரம்.
காற்று எதிர்த்தால் இரண்டு பக்கம் கூட.

புத்தகத்தை மூடும்போது
கயிறு பிடிக்கும் தவேந்திரராசா
என்ன கதை என்று கேட்டான்.
ஒருத்தி மீன் கழுவுகிறாள். யாரோ கதவைத் தட்டுகிறார்கள்.
கையைச் சீலையில் துடைத்தபடி போய்த் திறக்கிறாள்.

"மறுகா?"
முடிஞ்சுது.
"ஆரு வந்த?"
எழுதல்ல.
"இதுக்குக் காசு குடுத்தா வாங்கின நீங்க?
நடு ஆத்துல இறக்கிவிட்டா
சும்மா இருப்பீங்களா?"

எனக்கும் சில கதைகளில் கோபம் உண்டு:
கரை தட்டிய பிறகும்
இறங்கவிடாமல் புத்தி சொல்பவை.
அதை அவனிடம் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை, சைக்கிள்களை ஒதுக்கிக்கொண்டு வந்து
"தபால்காரனாத்தான் இருக்கும்" என்றான்.
திங்கள்: "இல்ல, கடன் கேட்டு வந்தவன்."
பிறகு ஒரு கிழமை பேச்சில்லை.

இன்று மழை.
பாதையில் நாலு பேர், ஒரு ஆடு.
கயிற்றை அவிழ்த்தபடி கேட்கிறான்:
"டீச்சர்,
அவள் மீனை மூடி வெச்சிட்டா போனவள்?
பூனை இருக்குமே."