கொம்பும் காலும்

வேலந்தாவளம் பால் சங்கம், காலை ஐந்தே முக்கால்.
சோதனைச் சாவடியில் ஒரு லாரி
உறுமிக்கொண்டே தூங்குகிறது.
அச்சுப்பொறி நாக்கை நீட்டியது:
மேலே மலையாளம், முத்து முத்தாக.
கீழே, தமிழ் இருக்க வேண்டிய இடத்தில்
பதினேழு கட்டங்கள்.

"இதென்னுங்க அம்மிணி, பாண்டி ஆடறதுக்கா?"
என்றாள் சொர்ணாத்தாள், கேனை இறக்காமலே.

என் கணினியில் சரியாகத்தான் இருந்தது.
எல்லாரும் சொல்வதுதான், நானும் சொன்னேன்.
அங்கே அந்த எழுத்துரு குடியிருக்கிறது;
இங்கே அதன் முகத்தைக் கண்டவர் இல்லை.
ஆவணம் பெயரை மட்டும் கொண்டுவந்திருக்கிறது,
ஆளை விட்டுவிட்டு.

அன்றிரவு எழுத்துருவை
ஆவணத்துக்குள்ளேயே பதித்தேன்.
கட்டங்கள் ஒழிந்தன.
விடிந்ததும் வேறு கூத்து:
ககரத்துக்கு முன்னால் நிற்க வேண்டிய கொம்பு
பின்னால் நின்றது. கால் தனியே நடந்தது.
நடுவில் புள்ளி புள்ளியாய் ஒரு வட்டம்,
மாட்டை அவிழ்த்த பிறகும்
முளைக்குச்சியைச் சுற்றிக் கிடக்கும் குளம்புத் தடம்போல.

முதலில் உடைந்தது கொழுப்பு.
பிறகு மெகருன்னிசா, தெய்வாத்தாள், பொம்மநாயக்கன்.
வேலந்தாவளமே உடைந்தது.
ராசுவுக்கும் பாத்துமுத்துவுக்கும் ஒரு கீறல் இல்லை.
கொம்பில்லாத பெயர்கள்.
"சாதுவா இருந்தா ஒண்ணும் ஆவாது" என்று
ராசு சீட்டை மடித்துப் பையில் வைத்தார்.
"என்ற பால்ல கொழுப்பு இல்லியா,
இல்ல உன்ற மிஷினுக்குக் கொழுப்பா?"
இது சொர்ணாத்தாள். வரிசையே சிரித்தது.

வாய் சொல்லும் வரிசை வேறு,
கை எழுதும் வரிசை வேறு.
'கொ' என்று வாய் திறக்கும்போது ககரம்தான் முந்துகிறது;
கையோ கொம்பை முதலில் போட்டுவிட்டுக்
காத்திருக்கிறது.
இரண்டுக்கும் நடுவே ஓர் ஆள் வேண்டும்,
கொழிஞ்சாம்பாறை பஸ்ஸில்
இரண்டு பாஷையிலும் சில்லறை கேட்கும் கண்டக்டர் மாதிரி.
என் நிரலில் அப்படி ஓர் ஆள் இருந்தார்.
யாரோ அவரை அணைத்து வைத்திருந்தார்கள்.
யாரோ என்ன, நான்தான்,
வேகமாக ஓடட்டுமே என்று, போன மார்ச்சில்.

மாற்ற வேண்டியிருந்தது ஒரே ஒரு சொல்.
இல்லை என்பதை ஆம் என்று.
அதைத் தேடத்தான் மூன்று இரவு.

நான்காம் நாள்.
கொழுப்பு 3.6.
கொம்பு முன்னால், கால் பின்னால்,
நடுவில் ககரம் அசைபோட்டபடி.
சொர்ணாத்தாள் சீட்டை விளக்கடியில் பிடித்தாள்.
தன் பெயரைத் தாண்டி, என் மூன்று இரவைத் தாண்டி
நேராக எண்ணுக்குப் போனாள்.
"கட்டமா இருந்த வரைக்கும்
எட்டரைதான் கொழுப்புன்னு ஊட்ல சொல்லிட்டிருந்தேன்.
இப்பக் குட்டு உடைஞ்சு போச்சு."

பிறகு விரல் வரியின் கடைசிக்கு நகர்ந்தது.
தொகைக்கு முன்னால்,
ரூபாய்க்குறி நிற்க வேண்டிய இடத்தில்,
ஒரே ஒரு கட்டம்.

"இது?"

அடுத்த கேனைக் கூப்பிட்டேன்.