தே ஓ கோசோங்

ஊத்தான் மெலிந்தாங்கில் கால் மரத்துப்போனால்
அதற்கு ஒரே பெயர்தான்: இனிப்புநீர்.

நானாக எதுவும் சொல்லவில்லை.
செம்பனை ஆலை எடைமேடையில்
செலிப்பார் ஒன்று கழன்று கிடக்க,
அது தெரியாமல்
ஆபீஸ் கதவுவரை போய்விட்டேன்.
லோரிக்காரர் பெரியண்ணன்தான்
எடுத்துக்கொண்டு பின்னால் வந்தார்.
"கிளார்க்கம்மாவுக்கு இனிப்புநீர் போல."
ஆமாம் என்றேன்.

பதினோரு வருடம்.
ஒட்டுக்கடையில் கேட்காமலே வருகிறது
தே ஓ கோசோங்.
கோயிலில் சர்க்கரைப் பொங்கல்
என் இலையைத் தாண்டிப் போகிறது.
பெரியண்ணன் பேரனின் பிறந்தநாளில்
எல்லாருக்கும் கேக்,
எனக்கு மட்டும் ஒரு கைப்பிடி கச்சான்.
அன்புதான், தெரியும்.
சரியான பெயரைச் சொல்லியிருந்தால்
நான் குடித்த கிளாஸை
என்ன செய்திருப்பார்கள்
என்பதும் தெரியும்.

பகலெல்லாம் காணாமல்போன பாதம்
இரவில் திரும்பி வருகிறது.
போர்வை நுனி பட்டால் கொதிக்கும் எண்ணெய்.
காற்றாடிக் காற்றில்கூட முள்.
இறங்கிப்போய்ச் சிமெண்டுத் தரையில்
உள்ளங்காலை ஒட்டவைத்து
ஆலைச் சங்கு ஊதும்வரை
சுவர்ப் பல்லியை எண்ணுவேன்.
ஒன்றுதான் இருக்கும்.
திரும்பத் திரும்ப எண்ணுவேன்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை தெலுக் இந்தான்.
மிஸ்ஸி ரோஹானி ஒரு நைலான் இழையை எடுத்துக்
கண்ணை மூடச் சொல்வாள்.
"ராசா? ... ராசா?"
தெரிகிறதா என்று கேட்கிறாள், மலாயில்.
என் காதில் விழுவதோ
யாரையோ சாப்பிடக் கூப்பிடுகிற குரல்.
பெருவிரலருகே குனிந்து,
குதிகாலருகே குனிந்து,
ராசா, ராசா.
ராசா வரவில்லை.

டாக்டர் லிம் தாளைத் தட்டுகிறார்.
முதல்முதல் வந்தபோது
என் எதிர்ப்பணுக்கள் நாற்பத்து மூன்று.
ஒரு லோரியின் ஓரத்தில் தொங்கும் குலைகள்
அதைவிட அதிகம்.
இப்போது அறுநூற்றுப் பன்னிரண்டு.
கிருமி, கருவிக்கே அகப்படாத அளவு.
"ரொம்ப நல்லது" என்கிறார்,
தமிழில், எனக்காகக் கற்ற இரண்டு சொல்.

எண்ணில் பிழைக்கிறவள் நான்.
லோரி பழத்தோடு ஏறும், எழுதுவேன்.
வெறுமையாய் ஏறும், எழுதுவேன்.
கழித்தால் மிஞ்சுவதுதான் கணக்கு.
"அப்போ என் கால், டாக்டர்?"

கிருமி தின்றது பாதி என்றார்.
ஆரம்பத்தில் தந்த மாத்திரை,
உயிரைப் பிடித்து நிறுத்திய அதே மாத்திரை,
கடித்தது மீதி.
எனக்குப் புரிந்தது இப்படி:
செம்புக்கம்பி திருடுபோன தோட்டத்தில்
அறுநூறு ஜாகாவைப் போட்டிருக்கிறார்கள்.
ஆள் நிற்கிறது.
விளக்கு எரியவில்லை.
நரம்பு மெதுவாக வளரும், வளராமலும் போகலாம்.
அதைச் சொல்லும்போது
அவர் என் காலைப் பார்க்கவில்லை.

ஆடியில் தீமிதி.
பெரியண்ணன் மகள் காப்புக் கட்டியிருந்தாள்.
"நீங்களும் நேர்ந்துக்கலாமே, இனிப்புநீர் இறங்கும்."
குழியோரம் போய் நின்றேன்.
நான் இறங்கினால் முகம் சுளிக்க மாட்டேன்.
நின்று, நிதானமாக,
சந்தையில் நடப்பதுபோல் நடப்பேன்.
அருள் என்பார்கள்.
கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள்.
மறுநாள் நான்
முகம் பார்க்கும் கண்ணாடியைத் தரையில் வைத்து
உள்ளங்காலில் கொப்புளம் தேடுவேன்.

இறங்கவில்லை.

இன்று பஸ்ஸுக்கு நாற்பது நிமிடம் இருக்கிறது.
தெலுக் இந்தான் மாமாக் கடையில்
என்னைத் தெரிந்தவர் யாருமில்லை.
தே தாரிக் சொன்னேன், பால் தூக்கலாக.
போதாதென்று சீனியும் கேட்டேன்.
இரண்டு கையாலும் கிளாஸைப் பிடித்தேன்.
சுட்டது.
கைக்கு இன்னும் சுடுகிறது.
அடியில் கரையாமல் கிடந்த சீனியைக்கூட
கரண்டியால் வழித்துத் தின்றேன்.

ரோட்டைத் தாண்டும்போது
பின்னால் ஓடி வருகிறான் கடைப் பையன்,
மேசைக்கடியில் நான் விட்டுவந்த
ஒற்றைச் செலிப்பாரோடு.
"இனிப்புநீராம்மா?" என்கிறான்,
கேட்டுவிட்டு,
என் உதட்டோரம் ஒட்டியிருக்கும்
சீனியைப் பார்க்கிறான்.