பாரம்

உயிருள்ளவர்கள் எல்லாம் போன பிறகுதான்
இந்த வேலை.
பத்தரைக்குக் கடைசி முழங்கால், ஜெலுத்தோங் மீன்காரர்,
காலுறையை விட்டுவிட்டுப் போய்விட்டார்.
மேசையைத் துடைத்துவிட்டு
ஸுல்கிப்ளிக்குப் போன் போட்டேன்: கொண்டுவரலாம்.

அவர் தள்ளுவண்டி எடுக்கவில்லை.
இரண்டு கையில் ஏந்தி வந்தார்.
லிஃப்டில் யாரோ என்ன பார்சல் என்று கேட்டார்களாம்.

பெயர்: யோகவாணியின் ஆண் சிசு.
வாரம் இருபத்து நான்கு.
எடை அறுநூற்றுப் பத்து கிராம்.
இயந்திரம் ஒரு கிலோவுக்குக் கீழே வாங்காது,
எண் சிவந்து திரும்பி வரும்.
ஒரு கிலோ என்று தட்டினேன்.
இந்த ஊரில் படிவத்துக்கும்
பாரம் என்றுதான் பெயர்.

கத்தி வேண்டாம், படம் போதும் என்று
கையெழுத்துப் போட்டவர் வாசலில் இருந்தார்.
தொழிற்சாலையின் நீலச் சட்டை.
பட்டர்வொர்த்திலிருந்து பாலம் தாண்டி மோட்டாரில் வந்தவர்,
ஹெல்மெட்டுக்குள் ஒரு கையை விட்டபடி
ஒன்றே ஒன்று கேட்டார்:
'உள்ள சத்தம் கூடுதலா இருக்குமா மிஸி?'

இருக்கும் என்றேன்.
உள்ளே போய்
பச்சைக் குழந்தைகளுக்கு வைக்கும் பஞ்சுமூடியை
இரண்டு பக்கமும் ஒட்டினேன்.
காதென்று சொல்ல
ஒரு மடிப்புதான் இருந்தது.

திறந்தாலும் பயனில்லை என்பார் டாக்டர் ஊய்,
இந்த வயதில் மூளை தாவ் ஹுவா போல,
ஓட்டை விட்டு எடுத்தால் கையில் நிற்காது.
அன்றிலிருந்து நான் அதைச் சாப்பிடுவதில்லை.
காந்தம் தொடாது,
இருக்கிற இடத்திலேயே பார்த்துக்கொள்ளும்.
குளிர்பெட்டியிலிருந்து வந்த உடலில்
வெள்ளையும் சாம்பலும் இடம் மாறித் தெரியும்.
நேரங்களைத் திருத்தினேன்.

திரையில் வந்தான்.
பக்கவாட்டில் ஒரு பள்ளம், கட்டைவிரலால் அழுத்தியதுபோல.
மற்றபடி வழவழப்பு.
மயக்க மருந்து கொடுத்தும்
அம்மாவைப் பக்கத்தில் நிறுத்தியும்
இருபது ஆண்டில் எனக்குக் கிடைக்காத தெளிவு.
நல்ல படம் என்று நினைத்தேன்.
நினைத்துவிட்டேன்.

ஊய் வீட்டிலிருந்தே பார்த்தார்.
இரண்டு பாதியையும் சேர்க்கிற பாலம் இல்லை.
அதனால்தானா?
தெரியாது, அது இல்லாமலே
பள்ளிக்கூடம் போகிறவர்களும் உண்டு.
வயிற்றையும் எடுத்துவிடு.

வழக்கமான வயிற்று வரிசையை அழுத்தினேன்.
குரலை அணைக்க மறந்தேன்.
மலாயில் ஒன்று, மாண்டரினில் ஒன்று,
தமிழில் பேசுவது நான்தான்,
ஒன்பது வருடத்துக்கு முன்
சளி பிடித்த ஒரு மத்தியானம் பதிந்தது:

மூச்சை நல்லா இழுங்க.
அப்படியே அடக்குங்க.

பதினெட்டு விநாடி.
கதவுக்கு வெளியே
ஹெல்மெட் தரையில் விழுந்து
உருண்டு
சுவரில் இடித்து நின்றது.

விடுங்க என்று நான் சொல்வதற்குள்
நிறுத்திவிட்டேன்.

ஒரு மணிக்கு ஸுல்கிப்ளி வந்தார்,
அதே இரண்டு கை.
வாசல் நாற்காலியில் ஆள் இல்லை,
கீழே மோட்டார் கிளம்பாமல் கிளம்பாமல் கிளம்பியது.

அறிக்கையில் எழுதினேன், அசைவு: இல்லை.
பாரத்தில் எடை சரியாக இருக்கிறது.
இயந்திரத்தில் மூடிய கோப்பைத் திருத்த வழியில்லை.
நான் கூட்டிய முந்நூற்றுத் தொண்ணூறு கிராம்
மேசையிலேயே கிடக்கிறது,
ஏழரைக்கு முதல் ஆள்
அதன்மேல்தான் படுக்க வேண்டும்.