மறுமுனை

தோட்டப்பாளையம், மூன்றாவது குறுக்குச் சந்து,
பதினேழு பை இரண்டு ஏ.
மே மாத வேலூர்.
பதினொரு மணிக்கே டேப்பின் தகரம் விரலைச் சுடுகிறது.

கீழே கான்கிரீட், மொசைக் தரை.
கட்டிய வருடம் தெரியாதாம் கமருன்னிசாவுக்கு.
"நான் நிக்காஹ் ஆகி வந்தப்பவே இருந்துச்சு."
தெரியாத வருடத்துக்குத் தேய்மானம் கழிக்கப்
படிவத்தில் வழியில்லை.
நிக்காஹ் எப்போது என்று கேட்டு
அதையே எழுதிக்கொண்டேன்.

மாடியில் ஷீட் போட்ட ஓர் அறை.
போன மதிப்பீட்டில் இந்த இடம்
வரியில்லாத ஆகாயம்.

"யாரு இருக்காங்க?"
"ஒறவுக்காரங்கதான், தம்பி."

உறவின் அடுப்பில் கடுகெண்ணெய் காய்கிறது.
ஜன்னல் கம்பியில் செருகிய ஸ்கேன் உறை
காற்றில்லாமலே லேசாக ஆடுகிறது.
கட்டிலில் ஒரு பெண், முகம் சுவர்ப்பக்கம்.

என்னோடு வரவேண்டிய ரங்கப்பன் விடுப்பு.
டேப்பின் மறுமுனைக்கு ஆள் இல்லை என்பதை
எப்படிப் புரிந்துகொண்டாரோ,
அவரே வந்து குந்தி உட்கார்ந்து
பூஜ்யத்தைக் கட்டைவிரலால் சுவரோடு அழுத்தினார்.
நான் பின்வாங்கிக்கொண்டே போக
"நைன்? டென்?" என்றார்,
எண் கூடினால் நல்லது என்பதுபோல.

பத்தே கால்.
அகலத்துக்கு டேப் கட்டிலைத் தாண்டவேண்டும்.
அந்தப் பெண் திரும்பாமலே
காலை மடக்கி வழிவிட்டாள்.

படியிறங்குமுன் கணக்குப் போட்டுவிட்டேன், பழக்கம்.
வாடகை இனம் என்று குறித்தால்
அரையாண்டுக்கு ஆயிரத்து எண்பது கூடும்.
நூற்றெண்பதால் வகுத்தால்
நாளுக்கு ஆறு ரூபாய்.
கமருன்னிசா அதை ஐம்பதாக ஏற்றுவார்.
ஏற்றமாட்டார் என்றும் சொல்ல முடியாது;
கீழே தண்ணீர்க் குடத்தை அவர்தான்
மேலே தூக்கிப்போய் வைத்தார்,
முட்டியைப் பிடித்துக்கொண்டு.

சொந்தக் குடியிருப்பு
என்ற கட்டத்தில் டிக் அடித்தேன்.
இரக்கமா, வெயிலா,
பிறகு யோசித்துப் பார்த்தும் பிடிபடவில்லை.

கடைசி வரி:
அளவெடுக்கையில் உடனிருந்த சாட்சியின் கையொப்பம்.
கமருன்னிசாவுக்கு நீட்டுமுன்
அவர் பேனாவை வாங்கிவிட்டார்.
முனையைப் பிடித்தவர் அவர்தானே.
நிதானமாக, மேலே ஒரு கோடு இழுத்து
அதிலிருந்து எழுத்துகளைத்
துணி காயப்போடுவதுபோல் ஒவ்வொன்றாகத் தொங்கவிட்டார்.
வங்காளத்தில்.

நாங்கள் மூவரும் அதைப் பார்த்தோம்.
"தூரத்து ஒறவு" என்றார் கமருன்னிசா.

டேப்பை விட்டேன், சர்ரென்று உள்ளே ஓடியது
பத்தே கால் அடியும்,
அதன் நுனியில் கொஞ்சம் கடுகெண்ணெயும்.

படிவம் இப்போது
கண்காணிப்பாளர் மேசையில் இருக்கிறது.
அந்தம்மாள் முதலில் டிக்கைப் பார்ப்பாரா,
கையெழுத்தையா?
இன்னும் கூப்பிடவில்லை.